இடிமேகத்துக்குள் போய் அளந்தவர்கள்

எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் மழையைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. மழைக்கு முன்னால் வருகிற காற்றுக்குத்தான் பயம். காவேரிப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா அதிகம், கொஞ்சம் செந்தூரா, வரப்போரமாக அல்போன்சா. காய் இன்னும் முற்றாத ஏப்ரல் கடைசியில், சாயங்காலம் நாலு மணி வாக்கில், மேற்கே ஓசூர் மேட்டுப் பக்கம் மேகம் கட்டும். இலை அசையாத புழுக்கம். அப்புறம் திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று கிளம்பும். பத்து நிமிஷம் அடித்தால் போதும், தோப்புத் தரை முழுக்கக் காயாகக் கிடக்கும். விழுந்த காய் மாங்கூழ் ஆலைக்கும் ஆகாது, மண்டியிலும் போகாது. ஊறுகாய்க்கு வாங்குகிறவர் சொன்னதுதான் விலை. இத்தனையும் செய்துவிட்டு, பின்னால் வரும் மழை நாலு தூறலோடு நின்றாலும் நிற்கும்.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, ஏன் மழைக்கு முன்னால் வருகிறது, ஏன் அவ்வளவு குளிராக இருக்கிறது? இதற்கு உருப்படியான பதில் கிடைத்து இன்னும் எண்பது வருஷம்கூட ஆகவில்லை. தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக் கிடைத்த பதிலும் இல்லை அது. விமானத்தை எடுத்துக்கொண்டு இடிமேகத்துக்குள்ளேயே நுழைந்து சிலர் அளந்துகொண்டு வந்தார்கள்.

நான் ஓசூர் சிப்காட் பகுதியில் அளவுக் கருவிகளை கேலிப்ரேஷன் செய்யும் வேலையில் இருக்கிறேன். பிரஷர் கேஜ், தெர்மோகப்பிள், வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று கம்பெனிகளிலிருந்து வரும். கருவி காட்டுகிற எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இடிமேகத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது தோப்புக்காக. விடாமல் படித்ததற்குக் காரணம் இந்தத் தொழில் புத்திதான். மணிக்கு முந்நூறு, நானூறு கிலோமீட்டர் வேகத்தில், பனிக்கட்டியும் மின்னலும் நடுவே, ஒரு தெர்மாமீட்டர் காட்டுவதை எப்படி நம்பினார்கள்?

முதலில் கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் பயணிகள் விமானங்கள் பெருகின. இடிமேகத்தில் மாட்டி நொறுங்குவதும் நடந்தது. மேகத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று 1946-ல் ஃபுளோரிடாவிலும் 1947-ல் ஓஹையோவிலும் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். தலைமை சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹோரஸ் பையர்ஸ். கூடவே ராஸ்கோ பிரஹாம். போர் முடிந்து சும்மா நின்ற பி-61 இரவுப் போர் விமானங்களைக் கேட்டு வாங்கினார்கள். இரவில் எதிரியைத் தேடுவதற்காகச் செய்த விமானம் அது. ரேடார் இருந்தது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகிய விமானிகளும் இருந்தார்கள். ஐந்து விமானங்கள், 5,000 அடியிலிருந்து 25,000 அடி வரை ஐயாயிரம் அடிக்கு ஒன்றாக, ஒரே மேகத்தை ஒரே நேரத்தில் ஊடுருவிப் போகும். இரண்டு கோடையிலும் சேர்த்து 1,362 முறை உள்ளே போய் வந்தார்கள்.

இதில் என்னை நிறுத்தி வைத்த விஷயம் விமானிகளுக்குக் கொடுத்த உத்தரவு. சாதாரணமாக விமானம் தூக்கினால் அழுத்தவும், இறங்கினால் தூக்கவும்தான் கை பழகியிருக்கும். உயரத்தைக் காப்பாற்றுவதுதான் ஓட்டுகிறவர் வேலை. இங்கே அதைச் செய்யாதே என்றார்கள். மூக்கை மட்டமாக வை, எஞ்சின் வேகத்தை மாற்றாதே, மேகம் தூக்கினால் மேலே போ, தள்ளினால் கீழே போ. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு அடி ஏறினது, இறங்கினது என்ற பதிவிலிருந்து மேகத்துக்குள் காற்று எந்த வேகத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்று கணக்குப் போட்டார்கள். அதாவது இறக்கையில் கட்டின கருவிகளைவிட விமானமே பெரிய கருவி. கூடவே ஐந்து அடுக்கிலும் ஒரே சமயத்தில் அளவு எடுத்ததால் மேகத்தின் நெடுக்குவெட்டு கிடைத்தது. யார் யோசனை என்று தெரியவில்லை, அவருக்கு ஒரு கும்பிடு.

முடிவு 1949-ல் அறிக்கையாக வந்தது. இடிமேகம் என்று நாம் ஒன்றாகப் பார்ப்பது பல அறைகளின் கூட்டம். ஒவ்வொரு அறையும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வாழ்கிறது. அந்த வாழ்க்கையில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் எல்லாக் காற்றும் மேலே ஏறுகிறது, மழை இல்லை. நமக்குப் புழுக்கம். இரண்டாவது கட்டத்தில் மேலே சேர்ந்த நீரின் எடையைக் காற்றால் தாங்க முடியாமல் மழையும் ஆலங்கட்டியும் விழ ஆரம்பிக்கின்றன. விழும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு வருகின்றன. வழியில் வறண்ட காற்று கலந்தால் மழைத்துளி ஆவியாகிறது. ஆவியானால் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனம் கூடி இன்னும் வேகமாக விழுகிறது. களத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் எப்படி நாலாபக்கமும் ஓடுமோ அப்படித் தரையில் மோதிப் பரவுகிறது. மழை விழும் இடத்தைத் தாண்டி முன்னால் ஓடிவந்து தோப்பில் நுழைவது இதுதான். மூன்றாவது கட்டத்தில், தரையோரம் பரவிய அந்தக் குளிர்காற்றே மேகத்துக்குத் தீனியாக இருந்த சூடான காற்றை வெட்டிவிடுகிறது. மேகம் கலைகிறது.

எங்கள் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பல விஷயம் விளங்குகிறது. ஐப்பசி மழைக்காலத்தில் கீழ்க்காற்றில் ஈரம் நிறைய, மேகத்தின் அடிப்பாகம் தாழ இருக்கும். மழை ஆவியாக வழி குறைவு. கோடையில் தரை காய்ந்து கிடக்கும், மேகத்தின் அடி உயரத்தில் நிற்கும். மழைத்துளி அவ்வளவு தூரம் வறண்ட காற்றைக் கடந்து வரவேண்டும். பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். தண்ணீர் தரைக்கு வராமல் அதன் குளிர்ச்சி மட்டும் காற்றாக வருகிறது. 'காத்து மட்டும் வந்துச்சு, மழ போயிடுச்சு' என்று திட்டுகிறோமே, மழை வேறெங்கும் போகவில்லை. காற்றாகத்தான் வந்திருக்கிறது. அந்தக் காற்றே முன்னால் போய் அடுத்த ஊரில் சூடான காற்றை நெம்பி மேலே தூக்கிப் புது மேகத்தையும் கிளப்பும். காவேரிப்பட்டணத்தில் காய் உதிர்ந்து அரை மணி கழித்து பாலக்கோட்டுக்காரர்கள் போன் பண்ணிப் புலம்புவது சும்மா நடப்பதில்லை.

இந்த இடத்தில் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். டெட் ஃபுஜிதா, ஜப்பானில் பிறந்து சிகாகோவில் வேலை பார்த்தவர். 1974-ல் அமெரிக்காவில் பெரிய சுழற்காற்று வெறியாட்டத்துக்குப் பிறகு சின்ன விமானத்தில் காடுகளுக்கு மேலே பறந்து சேதத்தைப் படம் எடுத்தார். சுழற்காற்றில் மரங்கள் சுற்றி விழுந்திருக்க வேண்டும். சில இடங்களில் ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைக்கும் வெளிப்பக்கமாக விழுந்திருந்தன. மேலிருந்து கொட்டின காற்று என்று அவருக்குப் பொறி தட்டியது. 1945-ல் நாகசாகியில் குண்டு வெடித்த இடத்தைச் சுற்றி மரங்கள் அப்படிச் சாய்ந்து கிடந்ததை அவர் நேரில் ஆராய்ந்திருந்தார். காற்று கொட்டுகிற இடத்தில் இறங்கும் விமானங்கள் தரையில் மோதுவதற்கான காரணம் அதன் பிறகுதான் தெளிவானது. பெருங்காற்று அடித்த மறுநாள் தோப்பில் விழுந்த கிளைகள் எந்தத் திசையைப் பார்த்துக் கிடக்கின்றன என்று நானும் நடந்து பார்ப்பதுண்டு. அப்பா தலையில் அடித்துக்கொள்வார். "காய் பொறுக்க ஆள் இல்லன்னு நான் கெடக்கறேன், இவன் தெச பாக்கறான்."

சரி, ஆலங்கட்டிக்கு வருவோம். பி-61 போன இடங்களிலேயே ரொம்ப மோசமானது ஆலங்கட்டி மையம். அதற்குள் போகத் தனியாக ஒரு விமானத்தையே கவசம் போட்டுத் தயார் செய்தார்கள். டி-28 என்று பெயர். ஒற்றை எஞ்சின், முன்னால் காத்தாடி, பழைய பயிற்சி விமானம். தெற்கு டகோட்டா மாநிலத்துச் சுரங்கவியல் தொழில்நுட்பக் கல்லூரியின் சொத்து. இறக்கையின் முன் விளிம்புகளுக்குத் தடித்த அலுமினியத் தகடு, விமானி தலைக்கு மேலே தடித்த அக்ரிலிக் கூரை. 7.5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஆலங்கட்டி மோதினாலும் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஆலங்கட்டி விழுகிற வேகத்தைவிட, விநாடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் விமானம் போய் அதன்மேல் மோதுவதுதான் பயங்கரம். உள்ளே ஒரே ஆள். ரேடாரைப் பார்த்துத் தரையிலிருந்து ஒருவர் வழி சொல்லுவார். 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 2000களின் தொடக்கம் வரை கிட்டத்தட்ட 900 முறை இடிமேகத்துக்குள் போய் வந்தது அந்த விமானம்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த ஓட்டுறவனுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லையா?" இரண்டாவது கேள்வி: "அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எவன் குடுத்தான்?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஒரு கோடையில் எங்கள் தோப்பிலேயே ஆலங்கட்டி விழுந்தது. பெரிதாகக் கிடந்த ஒன்றைப் பொறுக்கி, ஃப்ரீசரில் வைத்து, ராத்திரி அம்மாவின் அரிவாள்மணையில் இரண்டாக வகுந்தேன். நடுவில் வெள்ளையாக, பால் கலந்தாற்போல், கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு மொட்டு. அதைச் சுற்றி கண்ணாடியாகத் தெளிந்த ஒரு வளையம். அதற்கு வெளியே மறுபடி வெள்ளை, மறுபடி தெளிவு. விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பு கரைந்து வளையங்கள் மங்கின. குளிரில் கிடக்கிற, ஆனாலும் உறையாமல் தண்ணீராகவே இருக்கிற மேகத்துளிகள் மொட்டின் மேல் மோதி உறைகின்றன. உடனே உறைந்தால் காற்றுக்குமிழ் உள்ளே மாட்டி வெள்ளையாகிறது. துளிகள் நிறைய வந்து உறைய நேரமானால் காற்று வெளியேறித் தெளிவாகிறது. மேலும் கீழுமாகப் பல தடவை போய் வந்து ஒவ்வொரு வளையமாகச் சேர்க்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்படிப் போய் வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே ஏற்றத்தில் தண்ணீர் கூடிக் குறைகிற இடங்களைக் கடந்தாலே வளையம் விழும்.

டி-28-ஐ ஆலங்கட்டிக்குள் அனுப்பியதற்குப் பின்னால் ஒரு பந்தயம் இருந்தது. மேகத்துக்குள் ராக்கெட்டில் ரசாயனத்தைச் சுட்டு ஆலங்கட்டியைத் தடுத்துவிட்டோம் என்று சோவியத் நாட்டில் சொன்னார்கள். மேகத்தின் மேல்பாகத்தில் உறையாத நீர் ஒரே இடத்தில் மிக அதிகமாகத் தேங்கி நிற்கிறது, அங்கே ரசாயனம் போட்டால் பெரிய கட்டி உண்டாகாமல் சின்னச் சின்னதாகச் சிதறிவிடும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்கர்கள் 1972-ல் கொலராடோவில் பெரிய சோதனை தொடங்கினார்கள். உள்ளே போய்ப் பார்த்த விமானங்களுக்கு அந்தத் தேக்கம் அகப்படவில்லை. ரசாயனம் போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் ஆலங்கட்டியில் சொல்லும்படியான வித்தியாசமும் இல்லை. இமாசலத்தில் ஆப்பிள் தோட்டத்துக்காரர்கள் மேகத்தைப் பார்த்து வெடிச்சத்தம் எழுப்பும் துப்பாக்கி வைத்திருப்பதைக் காட்டி, மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் இங்கேயும் யாராவது அதை வாங்கலாமா என்று பேச ஆரம்பிப்பார்கள். என் யோசனை கேட்டால், அந்தக் காசுக்கு மரத்துக்கு மேல் கட்ட வலை வாங்கலாம். இடிச்சத்தத்தோடேயே வாழ்கிற மேகம் நம் வெடிக்கு மிரளும் என்று நான் நம்பவில்லை.

இப்போது என் தொழில் பக்கம். டி-28 மாதிரி விமானங்களில் என்னென்ன மாட்டியிருந்தார்கள் என்று பட்டியல் போட்டால் முடியாது, எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். ஒன்று ரொம்ப எளிமை: ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் அலுமினியத் தாள் ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாக வந்து மோதினது தாளில் பள்ளம் போடும். தரையிறங்கிய பிறகு பள்ளங்களை எண்ணி அளக்க வேண்டியதுதான். அடுத்தது லேசர். இரண்டு கொம்புகளுக்கு நடுவே லேசர் கற்றை, எதிர்ப்பக்கம் ஒளியுணரிகள் வரிசையாக. நடுவே ஒரு பனித்துகள் கடக்கும்போது நிழல் விழும். விமானம் ஓடுகிற வேகத்தில் நிழலை வரிவரியாகச் சேர்த்தால் துகளின் படம். ஊசி, தட்டு, மழுங்கின உருண்டை எல்லாம் தெரியும். இதை எப்படி கேலிப்ரேட் செய்கிறார்கள் என்று தேடினேன். கண்ணாடித் தட்டில் தெரிந்த அளவுள்ள குரோமியப் புள்ளிகளைப் பதித்து, அந்தத் தட்டைக் கற்றைக்குள் சுழல விடுகிறார்கள். நாங்கள் மைக்ரோமீட்டருக்கு கேஜ் பிளாக், அதாவது அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை, வைத்துப் பார்க்கிற அதே புத்தி. படித்த அன்று ஷிஃப்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கும் சுவாரசியம் இல்லை.

தெர்மாமீட்டரிலும் வில்லங்கம் உண்டு. மேகத்துக்குள் உணரி நனைந்துவிடும். நனைந்தது காற்றில் ஆவியாகும். ஆவியானால் குளிரும். அப்போது அது காட்டுவது மேகத்தின் வெப்பம் இல்லை, தன்னுடைய ஈரத்தின் வெப்பம். அதனால் காற்று ஒரு திருப்பம் திரும்பிப் பின்பக்கமாக நுழையும்படி கூடு செய்தார்கள். நீர்த்துளிக்குக் கனம் அதிகம், சட்டென்று திரும்ப முடியாமல் நேராகப் போய்விடும். காற்று மட்டும் உணரிக்கு வரும். முழுசாகத் தப்ப முடியாது, ஓரளவுக்குத்தான்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் பனித்துகள் எண்ணிக்கையில். பனிமேகங்களில் மிகச் சின்னத் துகள்கள் ஏகப்பட்டது இருப்பதாக லேசர் கருவிகள் பல வருஷம் காட்டிக்கொண்டிருந்தன. கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கிறதோ என்ற சந்தேகம் சிலருக்கு இருந்துகொண்டே இருந்தது. கடைசியில் கனடாவின் அலெக்சி கொரொலெவ் உள்ளிட்டவர்கள் வேகக் கேமரா வைத்துப் பார்த்தார்கள். பெரிய துகள் கருவியின் கொம்பு நுனியில் மோதி நூறு துண்டாக உடைகிறது. அந்தத் துண்டுகள் கற்றை வழியாகப் பறந்து எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகின்றன. கொம்பின் நுனியை வேறு வடிவத்தில் கூராகச் சீவி, துண்டுகள் வெளிப்பக்கம் தெறிக்கும்படி செய்த பிறகு சின்னத் துகள்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அளக்கப் போன கருவியே அளக்க வேண்டிய பொருளை உற்பத்தி செய்திருக்கிறது! மேகத்துக்குள் போனவர்களிடம் எனக்கு மரியாதை வந்தது அவர்கள் துணிச்சலைப் பார்த்து மட்டும் இல்லை. 'இது மேகத்தில் இருந்ததா, நாம் கொண்டுபோனதா' என்று தங்கள் எண்களையே குறுக்குவிசாரணை செய்ததைப் பார்த்துத்தான்.

மின்னல் விஷயத்திலும் அதே கதை. நாசா 1980 முதல் 1986 வரை எஃப்-106பி என்ற பழைய போர் ஜெட்டை வேண்டுமென்றே மின்னல் வாங்க அனுப்பியது. சுமார் 1,500 முறை மேகத்துக்குள் போனதில் 714 முறை மின்னல் அடித்தது. 1984-ல் ஒரே பறப்பில் 72 தடவை. ஆனால் முதல் இரண்டு வருஷம் அவ்வளவாக ஒன்றும் கிடைக்கவில்லை. பயணிகள் விமானங்களை மின்னல் தாக்கின பதிவுகளெல்லாம் நீர் உறையும் உயரத்தை ஒட்டியே இருந்தன. அதனால் அந்த உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் விமானம் இடிமேகத்தின் உச்சியில் எதற்குப் போகும்? ஏறும்போதும் இறங்கும்போதும் கடக்கிற உயரத்தில் அடி வாங்கினது பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். உயரத்தைக் கூட்டி, வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி இருக்கும் இடத்துக்குப் போனதும் அடிமேல் அடி. இன்னொன்றும் தெரிந்தது: பெரும்பாலான அடிகளில் மின்னல் தேடிவந்து விமானத்தைத் தாக்கவில்லை. மின்புலம் ஏறிக்கிடக்கிற இடத்தில் உலோக உடம்போடு நுழைந்த விமானமே மின்னலைக் கிளப்பிவிட்டிருக்கிறது. இன்றைக்கு நாம் பெங்களூருவிலிருந்து ஏறிப் போகிற விமானங்களின் மின்னல் பாதுகாப்பு விதிகளில் அந்தச் சோதனைகளுக்குப் பங்கு உண்டு.

மின்னேற்றம் எப்படி வருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடையில் நம் தலைக்கு மேல் சுமார் ஐந்து கிலோமீட்டரில் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும். அதற்கும் மேலே, மைனஸ் 10-லிருந்து 20 வரை உள்ள அடுக்கில், உறையாத நீர்த்துளிகளுக்கு நடுவே மெத்தென்ற பனி உருண்டைகளும் இலேசான பனிப்படிகங்களும் உரசுகின்றன. உருண்டை எதிர்மின்னேற்றத்தோடு கீழே தங்க, படிகம் நேர்மின்னேற்றத்தோடு மேலே போகிறது. மேலும் கீழும் பிரிந்ததும் மின்புலம். விமானங்களும் பலூன்களும் போய்த்தான் இதை உறுதி செய்தன.

ஆனால் விமானத்துக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. விநாடிக்கு நூறு மீட்டர் போகிற விமானம் ஐந்து கிலோமீட்டர் அகல மையத்தை ஐம்பது விநாடியில் கடந்துவிடும். திரும்பி வருவதற்குள் சில நிமிஷம் ஓடிவிடும். அறையின் ஆயுளே அரை மணி என்றால், இரண்டாவது தடவை பார்ப்பது வேறொரு மேகத்தை. விமானம் கொண்டுவருவது ஒற்றைக் கோட்டின் கதை.

இதற்கு ஒரு மாற்று வழி நம் தமிழ்நாட்டிலேயே, ஊட்டியில் கிடைத்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை எண்ணுகிறார்கள். 560 சதுர மீட்டரில் 3,712 குழாய்கள். மியூவானுக்கு மின்னேற்றம் உண்டு. தலைக்கு மேலே மின்னேறின மேகம் வந்தால் அதன் ஆற்றல் மாறும், எண்ணிக்கையும் மாறும். 2014 டிசம்பர் 1-ம் தேதி வந்த ஒரு இடிமேகம் 18 நிமிஷத்துக்கு மியூவான் எண்ணிக்கையை இரண்டு சதவீதம் போலக் குறைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததில் மேகத்தின் மேலுக்கும் கீழுக்கும் மின்னழுத்த வேறுபாடு 130 கோடி வோல்ட். 2019-ல் வெளியான முடிவு இது. அதற்கு முன் பலூன்களால் அளந்த அதிகபட்சம் இதில் பத்தில் ஒரு பங்குதான். நூறு கோடி வோல்ட் இருக்கும் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே சொல்லியிருந்தார். கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே அளந்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் மொத்த வோல்டேஜ் தெரியுமே ஒழிய, எந்த உயரத்தில் எந்தப் பனி என்று அது சொல்லாது. அதற்கு உள்ளே போகத்தான் வேண்டும்.

உள்ளே போகாமல் மேலே போகும் விமானமும் உண்டு. நாசாவின் இஆர்-2, 20 கிலோமீட்டர் உயரத்தில் மேகத்தின் தலைக்கு மேல் பறக்கும். 2023 ஜூலையில் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பி வெப்பமண்டல இடிமேகங்களுக்கு மேல் பத்து முறை பறந்ததில் ஒன்பதில் காமாக் கதிர் ஒளிர்வு தெரிந்தது. அபூர்வம் என்று நினைத்திருந்தது அன்றாடச் சமாச்சாரமாகிவிட்டது. 2014-ல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலும், 2015-ல் பிரெஞ்சு கயானாவின் கயெனிலும் பிரெஞ்சு ஃபால்கன் விமானம் வேறொன்றைத் தேடியது. இடிமேகத்தின் உச்சியில் பொடிப் பனிப்படிகங்கள் அடர்ந்து கிடக்கும். ரேடாரில் பெரிதாகத் தெரியாது. ஜெட் எஞ்சினுக்குள் புகுந்தால் சக்தி குறைந்துவிடும். வெப்பமண்டலத்தில் பறக்கிறவர்களுக்கு இது நேரடி விவகாரம்.

டி-28 ஓய்வுபெற்ற பிறகு அதன் இடத்துக்கு ஏ-10 என்ற கவசம் போட்ட போர் விமானத்தைக் கொண்டுவரப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் இழுத்து, செலவு கட்டாமல் கைவிட்டார்கள்.

நம் நாட்டில் புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம் 2009-லிருந்து மேகங்களுக்குள் விமானம் அனுப்புகிறது. தூசி மேகத்தை எப்படி மாற்றுகிறது, மழையைக் கூட்ட முடியுமா என்பதுதான் முக்கியக் கேள்வி. முதல் வருஷம் பல நகரங்களிலிருந்து பறந்தார்கள். பெங்களூருவும் அதில் ஒன்று. 2018, 2019-ல் சோலாப்பூரில் 276 மேகங்களை எடுத்துக்கொண்டு சிலவற்றில் ரசாயனம் தூவி, சிலவற்றில் தூவாமல் ஒப்பிட்டார்கள். நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் மழை சராசரியாக 18 சதவீதம் கூடியதாக முடிவு. நல்ல வேலை. ஆனால் அவை கவசம் போட்ட விமானங்கள் அல்ல, போனதும் பெரும்பாலும் பருவமழை மேகங்கள்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. அடுத்த தடவை பெங்களூருவில் விமானத்தை நிறுத்தினால், ஏப்ரல், மே மாதத்தில் நிறுத்துங்கள். ஆலங்கட்டி மையத்துக்குள் போகச் சொல்லவில்லை. தேன்கனிக்கோட்டைக் காட்டு ஓரத்திலிருந்து கிருஷ்ணகிரி அணை வரைக்கும் மேகத்தின் அடிவயிற்றுக்குக் கீழே சுற்றிப் பறந்து, அந்த வறண்ட காற்றில் மழை எவ்வளவு ஆவியாகிறது, எந்த வேகத்தில் கீழே கொட்டுகிறது என்று அளந்தால் போதும். ஜூலை மேகத்தை அளந்து மே மாதக் காற்றைச் சொல்ல முடியாது. 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்று தினமும் வருகிற அறிவிப்பில், காற்றுக்கு அரை மணி முன்னால் ஒரு எச்சரிக்கை சேர்ந்தாலே பந்தலுக்கு முட்டுக் கொடுக்கலாம், ஓசூர் ரோஜாக்காரர்கள் பாலிஹவுஸ் திரையை இறக்கிக் கட்டலாம், மரத்தடியில் நிற்கிற ஆட்களை வெளியே வரச் சொல்லலாம். மின்னலுக்கு 'தாமினி' செயலி இருக்கிறது, அப்பா போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். காற்றுக்கென்றே அப்படி ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை.

அதுவரைக்கும் என் கையில் இருப்பது, மோட்டார் கொட்டகை மேலே நட்டிருக்கும் ஒரு காற்றுவேகமானி. அடித்த காற்று எவ்வளவு என்று அது பதிந்து வைக்கும். குத்தகை பேசும்போது வியாபாரியிடம் அந்த எண்ணைக் காட்டலாம் என்பது அப்பாவின் திட்டம். வியாபாரி கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: இதுக்குச் சர்ட்டிபிகேட் யார் கொடுத்தது? நானே நட்டு நானே கையெழுத்துப் போட்டால் எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ளமாட்டார். வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், சீசன் முடியட்டும்.